சீட்டில் "ஆட்டோஇம்யூன் பேனல்" என்று மட்டும் எழுதியிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை மையத்தில் சாம்பிள் எடுப்பது என் வேலை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் சுகர், தைராய்டு, கொலஸ்ட்ரால், காய்ச்சல் என்று மதியம் வரை ஓட்டம்தான். பெரும்பாலானவற்றுக்கு அன்று மாலையே ரிப்போர்ட் வந்துவிடும். எப்போதாவது ஒரு சீட்டு வரும்: "வி.ஜி.கே.சி.", "ஏ.சி.ஹெச்.ஆர். ஆன்டிபாடி", "ஆட்டோஇம்யூன் பேனல்" என்று. நம் எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்க ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டுகள் இவை. அந்தச் சீட்டைக் கொண்டு வருகிறவர் ஏற்கெனவே நாலைந்து டாக்டர்களைப் பார்த்து ஓய்ந்துபோனவராக இருப்பார். எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் வரும் என்று இரண்டு கேள்வி கேட்பார். பதிலைச் சொல்லி, ரத்தத்தை எடுத்து அனுப்பிவிடுவோம். அப்படி ஒரு சீட்டு எங்கள் பெரியப்பாவின் பெயரிலேயே வந்தபோதுதான், அந்த இரண்டு கேள்விகளைத் தவிர வேறு என்னென்ன கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து படித்தேன். மெயின் லேபில் இருப்பவர்களையும் விடாமல் நச்சரித்தேன்.

பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயரானவர். வீடு ராயபுரம். அறுபதைத் தாண்டியும் விடிகாலையில் காசிமேட்டுக்கு நடந்துபோய் ஏலத்தில் நின்று மீன் வாங்கி வருகிற ஆள். அவருக்கு முதலில் வந்தது கெண்டைக்காலில் துடிப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது தோலுக்கு அடியில் சதை அங்கங்கே தானாக அசையும். "நான் ஒண்ணும் பண்ணல பாப்பா, அதுவா ஆடிக்கினு கீது" என்று லுங்கியைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் இரவில் கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. மீன் பையைக் கீழே வைத்த பிறகும் கைவிரல்கள் உடனே விரியவில்லை. இன்னொரு கையால் ஒவ்வொன்றாக நீவி விட வேண்டியிருந்தது. ஃபேனுக்குக் கீழேயே பனியன் நனையும் அளவுக்கு வேர்வை. தூக்கம் போச்சு. உடம்பும் இளைத்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான், நரம்புத் தளர்ச்சி. கால்சியம் மாத்திரை, பி12 ஊசி, சத்து டானிக் எல்லாம் வரிசையாக நடந்தன. சுகர் பார்த்தார்கள், நார்மல். காலில் நரம்பு சுருட்டலாக இருக்கும் என்று ஒருவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அதிலும் ஒன்றுமில்லை. இதற்கு நடுவில் பெரியப்பாவின் மகன் இரவெல்லாம் போனில் தேடி, இது சதையை இயக்கும் நரம்பு செல்கள் அழிகிற மோட்டார் நியூரான் நோயாகத்தான் இருக்கும் என்று தானே முடிவு கட்டி, வீட்டையே கலங்கடித்துவிட்டான். சதைத் துடிப்பு அந்த நோயிலும் வரும் என்பது உண்மைதான். ஆனால் அதில் முக்கியமாகத் தெரிவது பலவீனமும் சதை கரைவதும். பெரியப்பாவுக்குக் கை, கால் பலம் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் எங்களுக்கு உண்மையிலேயே உதவியது பெரியம்மா எடுத்த வீடியோ. பெரியப்பா கண்ணயர்ந்திருந்த நேரத்தில் அவர் காலை மட்டும் போனில் பிடித்து வைத்திருந்தார். தூக்கத்திலும் சதை ஆடிக்கொண்டே இருந்தது. நரம்பியல் டாக்டர் மேடம் அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். துடிப்பு நரம்பின் நுனிப்பகுதியிலிருந்து கிளம்பினால் தூங்கினாலும் நிற்காதாம். டாக்டர் முன்னால் உட்காரும்போது எந்தத் தொந்தரவும் சமர்த்தாக அடங்கிவிடும் என்பது தெரிந்ததுதானே. அதனால் வீட்டில் வரும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள், வெளிச்சம் மட்டும் நன்றாக இருக்கட்டும்.

அடுத்தது இ.எம்.ஜி. கெண்டைக்கால் சதையில் மெல்லிய ஊசியைச் செருகி, சதையின் மின்சார அசைவை ஸ்பீக்கரில் கேட்கிற டெஸ்டு. தளர்த்தி வைத்த சதை சத்தமே போடக்கூடாது. "ஐயா, காலை லூசா விடுங்க" என்றார் மேடம். "லூசாதான் கீது மேடம்" என்றார் பெரியப்பா. ஸ்பீக்கரோ ஓயவில்லை. இரண்டு, மூன்று, நான்கு துடிப்புகள் சேர்ந்து சேர்ந்து வெடித்தன. நடுநடுவே கூர்மையாகக் கிளம்பி, இறங்கிக்கொண்டே போய் அடங்கும் ஒரு நீண்ட ஒலி. அந்த ஒலி வரும்போது நரம்பு நொடிக்கு 150 முதல் 300 முறை சுடுகிறது என்று மேடம் விளக்கினார். நியூரோமயோடோனியா, ஐசக்ஸ் சிண்ட்ரோம் என்று சீட்டில் எழுதினார். 1961-இல் ஐசக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் இதை விவரித்ததால் வந்த பெயர். வேர்வை, தூக்கமின்மையோடு மனக்குழப்பம், பிரமை என்று மூளையும் சேர்ந்துகொண்டால் அதற்கு மோர்வன் சிண்ட்ரோம் என்று பெயர். பெரியப்பா அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று மேடம் கவலைப்பட்டார்.

காரணம் இதுதான். நரம்பில் ஒரு துடிப்பு ஓடி முடிந்ததும், பொட்டாசியத்தை வெளியே விடுகிற வாசல்களான பொட்டாசியம் சேனல்கள் திறந்து அதை அடக்கி, நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் சேனல்களை நரம்பில் உரிய இடத்தில் கூட்டி நிறுத்தி வைப்பது கேஸ்பர்-2 என்ற புரதம். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்துவிட்டால், அடக்க ஆளில்லாமல் நரம்பு திரும்பத் திரும்பச் சுடும். அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் டெஸ்டு.

இனி என் வேலை சம்பந்தப்பட்ட விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் ஒரு ஜூனியர் டாக்டர் எழுதித் தந்த சீட்டில் "வி.ஜி.கே.சி. ஆன்டிபாடி" என்று இருந்தது. வோல்டேஜ் கேட்டட் பொட்டாசியம் சேனல் என்பதன் சுருக்கம் அது. 1995 வாக்கில் வந்த பழைய முறை. ஆப்பிரிக்காவின் மாம்பா பாம்பின் விஷத்தில் டென்ட்ரோடாக்சின் என்று ஒரு பொருள் உண்டு. அது பொட்டாசியம் சேனலை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதில் கதிரியக்க அயோடினை ஏற்றி, விலங்கின் மூளைச் சாற்றில் இருக்கும் சேனல்களில் ஒட்டவைத்து, நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு மேலே தேங்கும் தெளிந்த நீரை, சேர்ப்பார்கள். ஆன்டிபாடி இருந்தால் அது சேனலைச் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் படியும். எவ்வளவு கதிரியக்கம் படிந்தது என்று அளப்பார்கள். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் வஞ்சிரத்துக்கு வலை போட்டால் நண்டும் சங்கும் சேர்ந்து வருவதைப் போல, சேனலோடு ஒட்டியிருக்கிற மற்றப் புரதங்களும் கூடவே வந்துவிட்டன. 2010-இல்தான் விஷயம் தெளிவானது: பெரும்பாலானவர்களுக்கு ஆன்டிபாடி பிடித்தது சேனலை அல்ல, அதோடு சேர்ந்திருந்த எல்.ஜி.ஐ.-1, கேஸ்பர்-2 என்ற இரண்டு புரதங்களை. அந்த இரண்டும் இல்லாமல் வி.ஜி.கே.சி. மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால், முக்கியமாக அளவும் குறைவாக இருந்தால், அதை வைத்து நோயை முடிவு செய்யக்கூடாது என்பதுதான் இன்றைய நிலை. வேறு நோய் உள்ளவர்களுக்கும் அப்படி வரும்.

ஆகவே கேட்க வேண்டியது "எல்.ஜி.ஐ.-1, கேஸ்பர்-2 ஆன்டிபாடி, செல் பேஸ்டு அஸ்ஸே". இந்த மூன்றும் சீட்டில் எழுத்தாக இருக்கட்டும்.

நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் கவுண்டருக்கு வந்த ஒரு குடும்பம் வேறொரு லேபில் பல ஆயிரம் கட்டிவிட்டு வந்திருந்தது. சீட்டில் "ஆட்டோஇம்யூன் பேனல்" என்று மட்டும் இருந்திருக்கிறது. அங்கே அவர்கள் செய்தது பாரானியோபிளாஸ்டிக் பேனல், ஹூ, யோ, ரி என்று போகிற பட்டியல். அது புற்றுநோயோடு சேர்ந்து வரும், செல்லுக்கு உள்ளே இருக்கிற புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளைப் பார்ப்பது. இவர்களுக்கு வேண்டியது செல்லின் மேற்பரப்பில் இருப்பவற்றைப் பார்க்கிற பேனல். பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒன்று என்றே தோன்றும். ரிப்போர்ட்டில் எல்லாம் நெகட்டிவ். டாக்டர் பார்த்துவிட்டு, நான் கேட்டது இதுவே இல்லை என்றிருக்கிறார். காசு திரும்பி வரவில்லை. இன்னும் சில இடங்களில் லூபஸ் போன்ற நோய்களுக்குப் பார்க்கிற ஏ.என்.ஏ. டெஸ்டை எடுத்துவிட்டு அதைத்தான் ஆட்டோஇம்யூன் டெஸ்டு என்பார்கள். பணம் கட்டுமுன் டெஸ்டின் முழுப்பெயரையும், அதில் என்னென்ன ஆன்டிபாடி பார்க்கிறார்கள் என்பதையும் லேபில் வாட்ஸ்அப்பிலாவது அனுப்பச் சொல்லி, டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். எங்களுக்கும் அதுதான் சௌகரியம்.

நம் ஊர் லேபுகளில் எல்.ஜி.ஐ.-1, கேஸ்பர்-2 இரண்டும் பெரும்பாலும் ஆறு ஆன்டிபாடிகள் கொண்ட "ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ் பேனல்" ஒன்றில் அடங்கியிருக்கும். மூளைக்காய்ச்சல் டெஸ்டை ஏன் எழுதினார்கள் என்று பெரியம்மா பயந்துவிட்டார். பெயர் அப்படி, அவ்வளவுதான்.

செல் பேஸ்டு அஸ்ஸே நடக்கிற விதத்தை மெயின் லேபில் ஒருமுறை பார்த்தேன். மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த ஹெச்.இ.கே. 293 என்ற செல்களை வளர்த்து, அவற்றின் மேல் கேஸ்பர்-2 புரதம் முளைக்கும்படி செய்திருப்பார்கள். கண்ணாடி ஸ்லைடில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் கேஸ்பர்-2 செல்கள், இன்னொன்றில் எல்.ஜி.ஐ.-1, ஒன்றில் எதுவும் சேர்க்காத வெறும் செல்கள். நோயாளியின் சீரத்தை நீர்க்க வைத்து எல்லாவற்றின் மேலும் விடுகிறார்கள். கழுவுகிறார்கள். அப்புறம் பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொரு ஆன்டிபாடி. மறுபடி கழுவி, இருட்டு அறையில் மைக்ராஸ்கோப். கேஸ்பர்-2 கட்டத்தில் செல்கள் பச்சையாக ஒளிர்ந்து, வெறும் செல் கட்டம் இருட்டாக இருந்தால் பாசிட்டிவ். எல்லாக் கட்டமும் லேசாக ஒளிர்ந்தால் அது கணக்கில் வராது. இதை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார். சுகர் மாதிரி மெஷின் துப்புகிற நம்பர் இல்லை. எனவே "வீக் பாசிட்டிவ்" என்று வந்தால், நோயின் லட்சணத்தோடு ஒத்துப்போகிறதா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் வேறு முறையில் ஒருமுறை சரிபார்க்கவும் சொல்வார்.

ரத்தம் எடுக்கும் விஷயத்தில் நாள்தோறும் கேட்கிற கேள்விகள். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. ஊசி ஒரு குத்துதான், சில மில்லி ரத்தம் போதும். ஆன்டிபாடி சுலபத்தில் கெட்டுப்போகாது. சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும். ஆனால் சனிக்கிழமை மாலை கொடுத்தால் திங்கள்வரை இங்கேயே கிடக்கும், அதனால் வாரத்தின் முதல் நாட்களில் வருவது நல்லது. முதுகுத் தண்டு நீர் கட்டாயம் எடுக்கணுமா என்று பயந்து கேட்பார்கள். எல்.ஜி.ஐ.-1, கேஸ்பர்-2 இரண்டுக்கும் ரத்தத்தில்தான் நன்றாகத் தெரியும். அதே பேனலில் இருக்கிற என்.எம்.டி.ஏ. ஆன்டிபாடிக்குத்தான் தண்டு நீர் ரொம்ப முக்கியம். மூளையும் பாதித்திருக்கிறதா என்று பார்க்க டாக்டர் தண்டு நீர் கேட்டால், அது வேறு கணக்கு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எப்போது எடுக்கிறோம் என்பது. ஐ.வி.ஐ.ஜி. என்கிற இம்யூனோகுளோபுலின் ஆயிரக்கணக்கான பேர் தந்த பிளாஸ்மாவிலிருந்து எடுத்தது. அதில் அவர்களுடைய ஆன்டிபாடிகளும் கலந்திருக்கும். ஏற்றிய பிறகு ரத்தம் எடுத்தால் சில டெஸ்டுகளில் இல்லாதது இருப்பதாகக் காட்டும். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை நேர்மாறு, இருக்கிற ஆன்டிபாடியையே வழித்து எடுத்துவிடும். ஆகவே சிகிச்சைக்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். அதற்காக ரிப்போர்ட் வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்கச் சொல்லாதீர்கள். ஆளுக்கு மோசமாக இருந்தால் டாக்டர் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. பணம் புரளவில்லை என்றாலும் சரி, எந்த டெஸ்டு என்று முடிவாகவில்லை என்றாலும் சரி, முதல் டோஸுக்கு முன் ஒரு ட்யூப் எடுத்து சீரத்தைப் பிரித்து ஃப்ரீசரில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பெரியப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம்.

ரிப்போர்ட் கேஸ்பர்-2 பாசிட்டிவ், எல்.ஜி.ஐ.-1 நெகட்டிவ் என்று வந்தது. அவரைப் போல வயதான ஆண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறதாம். கூடவே நெஞ்சு சி.டி. எடுத்தார்கள், ஏனென்றால் சிலருக்கு தைமஸ் சுரப்பியில் கட்டி இருந்து அதுவே இதைத் தூண்டியிருக்கும். பெரியப்பாவுக்கு இல்லை. மேடம் இன்னொன்றையும் விடாமல் கேட்டார்: மூட்டு வலிக்கு பஸ்பம், செந்தூரம் ஏதாவது சாப்பிட்டீர்களா? பெரியப்பா மழுப்பினார். பெரியம்மா போட்டுக்கொடுத்துவிட்டார், பொட்டலம் பொட்டலமாகத் தேனில் குழைத்துச் சாப்பிட்டிருக்கிறார். பாதரசம் கலந்த நாட்டு மருந்து எடுத்தவர்களுக்கு இந்த நோய் வந்ததை இந்திய மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். இவருக்கு அதனால்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் அதை அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். டாக்டரிடம் போகும்போது சாப்பிடுகிற எல்லாவற்றையும், லேகியம் டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.

நெகட்டிவ் வந்திருந்தாலும் சிகிச்சை இதேபோலத்தான் தொடங்கியிருக்கும் என்றார் மேடம். ஐசக்ஸ் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு எந்த ஆன்டிபாடியும் கிடைப்பதில்லை, இ.எம்.ஜி.யும் உடம்பும் சொல்வதை ரத்தம் ரத்து செய்யாது. ஸ்டீராய்டு, ஐ.வி.ஐ.ஜி., துடிப்பை அடக்க கார்பமாசெபைன். ஐ.வி.ஐ.ஜி. வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு 2 கிராம், அதை 5 நாளில் பிரித்து ஏற்றுவார்கள். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். வெளியில் வாங்கினால் குடும்பம் ஆட்டம் கண்டுவிடும், அரசு மருத்துவமனையில் சேர்வதைப் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். முதலில் திரும்பியது தூக்கம். பிறகு வேர்வை குறைந்தது. துடிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

சோடியம் பற்றி ஒரு வார்த்தை. வயதானவருக்குச் சோடியம் திரும்பத் திரும்ப இறங்குகிறது, மறதி கூடிக்கொண்டே போகிறது, முகமும் அதே பக்கத்துக் கையும் ஓரிரு நொடி வெட்டி இழுக்கிறது, அதுவும் ஒரு நாளில் பலமுறை என்றால் அது எல்.ஜி.ஐ.-1 பக்கம் கைகாட்டுகிறது. வயசாயிடுச்சு, உப்பு குறைஞ்சிருக்கு என்று விட்டுவிடாமல் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் சிகிச்சை கிடைத்தால் நினைவைக் காப்பாற்ற முடிகிற வகை இது. கார்பமாசெபைனும் தன் பங்குக்குச் சோடியத்தை இறக்கும் என்பதால் பெரியப்பாவுக்கு அதை அடிக்கடி பார்க்கிறோம்.

இதே வகை நோய்களில் நம் பக்கம் அதிகம் பார்ப்பது மயஸ்தீனியா. எங்கள் தெருவில் பூ கட்டுகிற அக்கா ஒருவருக்குச் சாயங்காலமானால் கண் இமை இறங்கிவிடும், சோறு மெல்லுவதற்குள் தாடை ஓய்ந்துவிடும். காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதில் அடிபடுவது நரம்பு சதையோடு சேரும் இடத்தில் இருக்கும் அசிட்டைல்கோலின் ரிசப்டர், சீட்டில் ஏ.சி.ஹெச்.ஆர். என்று எழுதுவது இதைத்தான். அதுவும் பொட்டாசியம் சேனல் மாதிரி ஒரு வாசல்தான். 1973-இல் மின்சார விலாங்கிலிருந்து எடுத்த இந்த ரிசப்டரை முயல்களுக்கு ஊசி போட்டபோது அவை துவண்டு விழுந்தன. நோயின் மூலம் அப்படித்தான் பிடிபட்டது. இதன் டெஸ்டிலும் பாம்பு விஷம் உண்டு, இந்த முறை கட்டுவிரியன் இனத்துடையது. உடம்பு முழுக்கப் பாதித்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ் வரும். கண்ணோடு நின்றவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத்தான். அதனால் நெகட்டிவ் என்று சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள், அடுத்து அதே இடத்தில் இருக்கும் மஸ்க் என்ற இன்னொரு புரதத்துக்கான ஆன்டிபாடி, நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கிற டெஸ்டு எல்லாம் இருக்கின்றன. மயஸ்தீனியா உள்ளவர்கள் ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடவே கூடாது. மூச்சுத் தசை பலவீனமாகிவிடும் ஆபத்து உண்டு. அக்காவின் ஃபைலில் முதல் பக்கத்தில் அதைப் பெரிதாக எழுதி ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்குத் தொடை பலமிழந்து எழுந்திருக்கவே கஷ்டம் என்றால் கால்சியம் சேனல் ஆன்டிபாடி பார்ப்பார்கள். அது லாம்பர்ட்-ஈட்டன் என்ற நோய். அதில் நுரையீரலில் புற்றுநோய் இருக்கிறதா என்றும் கட்டாயம் அலசிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பாசிட்டிவ் வந்த பிறகு மாதாமாதம் அளவு பார்க்க வருகிறவர்களுக்கு. ஆன்டிபாடி அளவு அதிகம் என்றால் நோய் அதிகம் என்று இல்லை. மயஸ்தீனியாவில் அளவு எக்கச்சக்கமாக இருந்தும் நன்றாக நடமாடுபவர் உண்டு, கொஞ்சமாக இருந்தும் வென்டிலேட்டர்வரை போனவர் உண்டு. ஒரு லேபின் நம்பரை இன்னொரு லேபின் நம்பரோடு ஒப்பிடவும் முடியாது, முறையும் அலகும் வேறு. டாக்டர் எழுதினால் எடுங்கள், அதுவும் முன்பு எடுத்த அதே லேபில், அதே முறையில். எழுதவில்லை என்றால் அந்தக் காசு மாத்திரைக்கு ஆகும். எங்கள் முதலாளி இதைப் படிக்காமல் இருந்தால் சரி.